கறை இருக்கும் இடம்

ஜனவரி 12

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா? விடுதியில் வெந்நீர் தருகிறார்களா?

கடையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில். சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வருகிறவர்கள் சட்டையை வாங்கிக்கொண்டு என் வீட்டுக் கதையையும் மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பட்டாணி விஷயம்தான். வயது ஆறு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். "நேத்து என்ன செஞ்சன்னு கேட்டா ஒரு வாக்கியம் முழுசா வரல. உங்க பொண்ணு கொஞ்சம் மந்தம்" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாள். நேற்று நீ என்ன செய்தாய் என்று நான் கேட்டால் "அப்பா... சட்டை... மழை... போச்சு" என்கிறாள். காயப்போட்ட சட்டைகள் மழையில் நனைந்தன, அப்பா ஓடிப்போய் எடுத்தார் என்பதை நான்தான் கோத்துக்கொள்ள வேண்டும். காது டாக்டரிடம் காட்டியாயிற்று. காதில் ஒன்றும் இல்லையாம். அது எனக்கே தெரியும். மாடியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கீழே கடையிலிருந்து ஓடி வருகிறவளுக்குக் காது கேட்காதா? துணிகளைப் பிரித்து வைப்பதில் உன் மாமாவைவிட அவள் கெட்டிக்காரி. யார் சட்டை யாருடையது என்று எண் பார்க்காமலே எடுத்துக் கொடுக்கிறாள்.

இன்னொரு கூத்து. கறையோடு துணி வந்தால், துவைக்கிறவருக்குத் தெரிவதற்காகக் கறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புத் துணியை ஊக்கால் குத்திவைப்போம், நீ பார்த்திருக்கிறாய். இவள் அதை எடுத்துத் தன் மேல் குத்திக்கொள்கிறாள். முட்டி வலித்தால் முட்டிக்கு மேலே, காது வலித்தால் காலரில். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "எங்க கறைன்னு காட்றா பாரு, நம்ம கடைப் பிள்ளை!" என்கிறார். போன வாரம் பாவாடையில் சிவப்புத் துணியோடு பள்ளிக்கூடம் போய்விட்டாள். பிள்ளைகள் அவளுக்கு 'லாண்டரி மூட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

புத்தகத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறாயே, அதில் ஏதாவது எழுதியிருந்தால் சொல்.

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் விட்டுவிட்டது. நீயும் மாமாவும் பட்டாணியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம் எப்போதும்.

உன் கடிதம் வந்த அன்றே நூலகத்தில் மருத்துவப் புத்தக அலமாரியில் தேடினேன். அக்கா, அவள் மந்தம் இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது, ஒரு வகுப்புக்கு ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இருக்குமாம். காது நன்றாக இருக்கும், அறிவு நன்றாக இருக்கும், வீட்டில் வளர்ப்பும் நன்றாக இருக்கும். மொழி மட்டும் மற்றவர்களுக்குப் போலத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. நமக்குச் சொற்கள் வரிசையில் நிற்கின்றன. அவளுக்கு அவை கூட்டமாக வாசலை அடைத்துக்கொள்கின்றன. கேட்ட கேள்வியே சில சமயம் பாதிதான் உள்ளே போகும். இது உன் தப்பு இல்லை. அவளுடைய தப்பும் இல்லை.

பேச்சுப் பயிற்சியாளர் யாராவது பக்கத்தில் இருந்தால் அழைத்துப் போ. நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. அவள் கையால் காட்டினாலும் படத்தால் காட்டினாலும் அதை ஏற்றுக்கொள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சிவப்புத் துணியை அவளிடமிருந்து பிடுங்காதே. உலகத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தராத ஒரு வழியை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் வலியைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

வேறு விசேஷம் இல்லை. மருந்து அகராதி கேட்டு ஒருவர் வாரம் தவறாமல் நூலகத்துக்கு வருகிறார். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலையாம். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பட்டாணிக்கு முத்தம்.

சின்னு

பிப்ரவரி 16

அன்புள்ள சின்னுவுக்கு,

எல்லோரும் சுகம். அகராதிக்காரர் சுகமா? 

பயிற்சியாளர் இருக்கிறார். இரண்டு பஸ் மாற வேண்டும். போய்வந்தோம். படம் போட்ட அட்டைகளைப் பரப்பி வைத்து, "அவசரப்படுத்தாதீங்கம்மா, அவ வருவா" என்றார் அந்த அம்மாள். சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் இன்னொருவரையும் கூட்டிவந்து காட்டினார். பட்டாணிக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மூக்கில் குத்திக்கொள்ளப் பார்த்தாள், சளி பிடித்திருந்ததால். நானும் சிரித்துவிட்டேன்.

மாமாதான் முணுமுணுக்கிறார். "ஊர்ல எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க. இவ ஒருத்தி பேசலன்னா என்ன குடி முழுகிடும்?" என்கிறார். ஆனால் பயிற்சிக்குப் போகும் நாளில் தனியாளாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமே. எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அகராதிக்காரர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார். நானும் சரி என்றேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியும், எனக்கு எதையும் எழுதினால்தான் வரும்.

அவருடைய அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லவர்தான். வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். எனக்கு அம்மா அப்பா இல்லாததால் உன் வீடுதான் என் வீடு என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதாம், எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கும் குழந்தையை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பாராம். "பிள்ளைங்க பேச்சக் கேட்டாலே அந்த வீட்டு ரத்தம் எப்படின்னு சொல்லிடுவேன்" என்பாராம். அவருடைய அக்கா மகனுக்குப் பார்த்த சம்பந்தம் ஒன்று இப்படித்தான் நின்றுபோனதாம். அந்தப் பெண்ணின் அண்ணன் பிள்ளைக்குத் திக்குவாயாம்.

நான் எதையும் கேட்கவில்லை அக்கா. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஒரு நாள் மட்டும் சிவப்புத் துணி அவள் கண்ணில் படாமல் இருந்தால் தேவலை.

சின்னு

மார்ச் 29

சின்னுவுக்கு,

சுகம். நீ கேட்காததெல்லாம் நன்றாகவே கேட்டது.

அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். குழந்தை இருக்கிறது என்று நீயே சொல்லிவைத்திருக்கிறாய். எங்கே என்று கேட்டால்? காய்ச்சல் என்றால் பார்க்கிறேன் என்பாள், டீச்சர் இல்லையா.

அதனால் ஒரே வழிதான். ஏதாவது சொல்லிக்கொடுத்து, அதை மட்டும் சொல்ல வைக்க வேண்டும். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நீயே எழுதி அனுப்பு. படித்தவள் நீ. கல்யாணமும் உனக்கு.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கோபம் புரிகிறது.

நிறைய யோசித்தேன். நீளமாக இருந்தால் வழியில் உடைந்துவிடும். எந்தக் கேள்விக்கும் ஓரளவு பொருந்த வேண்டும். மரியாதையாகவும் இருக்க வேண்டும். கேட்டவர் மேற்கொண்டு கேட்காதபடி பேச்சை அவர் பக்கமே திருப்பிவிட வேண்டும். இதுதான் எனக்குத் தோன்றியது:

"நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

அர்த்தம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஒரு பாட்டு மாதிரி ராகத்தோடு சொல்லிக்கொடு. ராகம் மாறாமல் இருந்தால் அவளால் பிடித்துக்கொள்ள முடியும் என்று வாசித்தேன். சொன்னவுடனே பிஸ்கட் கொடு. அடிக்க வேண்டாம்.

பயிற்சியாளரிடம் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பட்டாணிக்கு முத்தம்.

சின்னு

மே 4

அன்புள்ள சின்னுவுக்கு,

சுகம். நேற்று அம்மாவும் மகனும் வந்துவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்தது. உனக்கு லீவு கிடைக்காததும் நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் உன் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

உன் வாக்கியம் அவள் வாயில் ஏறுவதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. முதலில் 'நல்லா நீங்க' என்பாள். பிறகு 'இருக்கேன் இருக்கீங்க' என்பாள். கடைசியில் உன் மாமா மேசையைத் தட்டித் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார், பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு மாமா எதைக் கேட்டாலும் அதையே சொல்ல வைத்துப் பழக்கினார். "எந்த கிளாஸ்?" "பசிக்குதா?" "எங்க வலிக்குது?" எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே பிஸ்கட். இடையில் ஒரு நாள் தொண்டைக்குக் கீழே சிவப்புத் துணியைக் குத்திக்கொண்டு வந்து நின்றாள். பிடுங்கி எறிந்தேன். "வாயால சொல்லு. மொதல்ல அதைச் சொல்லு" என்றேன். அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். பிஸ்கட் கொடுத்தேன். தொண்டை வலியில் அவளால் அதை விழுங்க முடியவில்லை. சிவப்புத் துணிப் பெட்டியை மாமா மேலே வைத்துப் பூட்டிவிட்டார். அடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை அடித்தேன்.

இப்போது உன் டீச்சரம்மா கதை. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே, "வா கண்ணு, எப்படி இருக்க?" என்றார். பட்டாணி என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, "நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள், கண்ணாடி மாதிரி. அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எந்த கிளாஸ் படிக்கிற?" என்றார். இவள் திரும்பவும் அதையே சொன்னாள். அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கைதட்டிச் சிரித்தார். "பாத்தியாடா, நான் கேள்வி கேட்டா என்னையே திருப்பிக் கேக்குறா! நாற்பது வருஷம் பிள்ளைங்களக் கேள்வி கேட்டவ நானு. என்னை இதுவரைக்கும் ஒரு பிள்ளை இப்படி மடக்கினதில்ல. வாயாடி!" 

வாயாடி என்றார் சின்னு. என் பெண்ணை. நான் உள்ளே போய்த் தேநீர்க் கோப்பைகளை இன்னொரு தடவை கழுவினேன்.

ஜூலையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பயிற்சிக்குப் போவதைக் கல்யாணம்வரை நிறுத்தியிருக்கிறோம். அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் வம்பு. பட்டாணி இப்போது சிவப்புத் துணியைத் தேடுவதே இல்லை.

அக்கா

மே 15

என் அன்பு அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதினாலும் போதவில்லை.

அத்தை (இனி அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்) பட்டாணியின் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். உனக்கு நான் என்ன செய்து இதை ஈடுகட்டப் போகிறேன் என்று தெரியவில்லை. கல்யாணம்வரை அந்த வாக்கியத்தை மறக்காமல் பார்த்துக்கொள். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் அவளிடம் பேசுவார்கள்.

அவளுக்கு ஒரு நீல கவுன் அனுப்பியிருக்கிறேன். வெளியே பளபளப்பு, உள்ளே மெத்தென்று லைனிங் கொடுத்தது. உடம்பை உறுத்தாது.

சிவப்புத் துணியைத் தேடுவதில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு விதத்தில் நல்லதுதானே அக்கா? என்றைக்கிருந்தாலும் விட வேண்டிய பழக்கம்.

சின்னு

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தால் மாமா "அவ இல்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

கல்யாணத்தன்று சாப்பாடுகூட முடியாமல் ஏன் கிளம்பினாய்? என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இங்கே எல்லோரும் கேட்டார்கள். கடையில் அவசர வேலை என்று நானாகவே ஒரு பொய் சொல்லிவைத்தேன். அதில் எனக்கு வருத்தம்தான்.

பட்டாணிதான் அன்றைக்கு எல்லார் மனதையும் கவர்ந்தவள். வரிசையாக உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் போய் நின்று தன் வாக்கியத்தைச் சொன்னாள். அத்தை மட்டும், "பொண்ணு முகம் வெளிறிப் போயிருந்துச்சே, வேர்த்துக் கொட்டுச்சே. என்ன கண்ணு பண்ணுதுன்னு கேட்டேன், நல்லா இருக்கேன்னுட்டா" என்றார். புழுக்கமாக இருந்தது, இல்லையா?

ஒரு வரியாவது எழுது.

சின்னு

செப்டம்பர் 7

சின்னுவுக்கு,

புழுக்கம் இல்லை.

காலையிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். "நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். பிஸ்கட் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் போய் நின்றாள் என்று எழுதியிருக்கிறாயே. அவள் பேசிக் காட்டுகிறாள் என்று நானும்தான் நினைத்தேன். அவளிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதைக் கொண்டுபோய் ஆள் ஆளாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள், யாருக்காவது புரியுமா என்று.

உடம்பு கொதித்ததால் கிளம்பினோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டர். கவுனுக்கு மேலேயே அமுக்கிப் பார்த்து, "இங்க வலிக்குதா பாப்பா?" என்றார். அவள் அதையே சொன்னாள். ராகம் கொஞ்சமும் பிசகவில்லை. டாக்டர் சிரித்தார். "என்னையே விசாரிக்கிறாளே! இவ்வளவு தெளிவா பேசுற பிள்ளைக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது" என்று மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவளுக்குப் பேச வராது என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மறைத்து மறைத்து அது என் வாய்க்கும் பழகிவிட்டது.

வீட்டில் கவுனைக் கழற்ற விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புதுத் துணி ஆசை என்று மாமா சொன்னார். மறுநாள் காலையில் கண் செருகிவிட்டது. குடல்வால் உள்ளே வெடித்திருந்தது. வயிற்றைக் கிழித்துக் கழுவினார்கள். பிழைத்துவிட்டாள். வயிற்றில் வரிவரியாகக் கீறல் இருந்ததாம். "வீட்ல பூனை வளக்குறீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கழற்றிய கவுனை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். துவைப்பதற்கு முன்னால் எந்தத் துணியையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புவது நம் கடை வழக்கம். உன் மாமா திருப்பினார். லைனிங்கில், வலது பக்கம் அடியில், ஒரு சிவப்புத் துணி குத்தியிருந்தது. பெட்டியைத்தான் பூட்டிவிட்டோமே என்று பார்த்தால், அவளுடைய பழைய பள்ளிக்கூடப் பையின் சிவப்பு ஓரத்தைக் கிழித்து எடுத்திருக்கிறாள். வெளியே குத்தினால் நான் பிடுங்கிவிடுவேன் என்று உள்ளே குத்திவைத்திருக்கிறாள். ஊக்கு சரியாகப் பூட்டவில்லை. நாள் முழுக்க அது அவளைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மாமா அந்தக் கவுனை இன்னும் துவைக்கவில்லை. பெட்டியை இறக்கி, பூட்டைக் கழற்றி, அவள் கண்ணெதிரே தரையில் திறந்து வைத்திருக்கிறார். அவள் அதைத் தாண்டிப் போகிறாள். சாயங்காலம் அவள் துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

அக்கா

நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நலம்தான்.

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்து வாசித்தேன். அங்கேயே கிழித்துவிட்டேன், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எத்தனையோ தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் அழகாக இருந்ததால் கிழித்துப்போட்டேன்.

உடனே வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது? குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் அத்தையும் கூடவே கிளம்பிவிடுவார். அவளிடம் உட்கார்ந்து பேசுவார். நீயே யோசித்துப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் முழுகாமல் இருக்கிறேன், நான்கு மாதம். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. "அந்தப் பட்டாணிப் பொண்ணு மாதிரி வாய் வரணும்" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அக்கா, இது ரத்தத்தில் வருமா? சில குடும்பங்களில் வரும் என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. பயிற்சியாளரைக் கேட்டு எழுது. வீட்டு முகவரிக்கு வேண்டாம், நூலகத்துக்கே எழுது.

பட்டாணி எப்படி இருக்கிறாள்? சித்தியைத் தேடுகிறாளா? அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி எழுது.

சின்னு

டிசம்பர் 9

அன்புள்ள சின்னுவுக்கு,

ரத்தத்தில் வருமா என்று கேட்டிருந்தாய். பயிற்சியாளரை நான் கேட்கவில்லை. பட்டாணியைக் கேட்டேன். உன் கடிதத்தை அவளுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன், நிறுத்தி நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியமாக, நீ சொன்னபடி. "சித்தி கேக்குறா, என்ன எழுதட்டும்?" என்றேன். என் கையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இருந்தும் நிமிர்ந்து நின்று சொன்னாள். அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?